பாடு யாருடையது?
ஜாஸ் இசைத்தட்டுகளும் பழவேற்காடும் சில கேள்விகளும்

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்து, பிறகு முறைவைத்துச் சுற்றிவருகிறார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவனுக்கு நாளை அது இல்லை. தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை, முறைதான் சொந்தம். தமிழில் பாடு என்றால் துன்பம்; பாட்டுப் பாடச் சொல்லும் ஏவலும் அதே சொல்தான். மூன்றையும் ஒரே வாயால் சொல்கிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லைப் பிடித்துக்கொண்டு வியப்பதெல்லாம் எம்.ஏ. தமிழ் படித்த என்னைப் போன்றவர்களின் வேலை.

இந்தக் கட்டுரை அவான்கார்ட் ஜாஸ் இசைத்தட்டுகளைச் சொந்தமாக வெளியிட்டவர்களைப் பற்றியது. அதைப் பழவேற்காட்டிலிருந்து தொடங்குவது வலிந்து செய்கிற காரியமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊருக்கும் ஜாஸுக்கும் இடையே ஒரு துணி சம்பந்தம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1613ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். இங்கிருந்து கப்பலேறியது பெரும்பாலும் துணி. 1620களில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள், பத்தேவியாவுக்கு, அடிமைகளாக. இந்த வட்டாரத்து நெசவாளர்கள் நெய்த கட்டம்போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஐரோப்பிய வணிகர்களின் கணக்கேடுகளில் ஊர்ப்பெயரே சரக்கின் பெயராயிற்று. மெக்சிகோவில் இன்றும் கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்குப் ‘பலியகாத்தே’ என்று பெயர். பழவேற்காடு என்பதன் திரிபே அது என்பது பரவலான கருத்து. இத்தகைய துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கப் பண்டமாற்றாகப் பயன்பட்டன. பிறகு அட்லாண்டிக்கைக் கடந்து, கரீபியத் தீவுகளில் கறுப்புப் பெண்களின் தலைத்துணியாயின. 1786ல் நியூ ஆர்லியன்சின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தேபான் மிரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்களும் தலைமுடியைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டுமென ஆணையிட்டார். அந்தப் பெண்கள் அவமானத்துக்கென்று திணிக்கப்பட்ட துணியை மடிப்பும் முடிச்சும் வைத்து அலங்காரமாக்கிக்கொண்டார்கள். அதே ஊரில்தான் காங்கோ சதுக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி மேளமடித்து ஆடிய இடம். ஜாஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

இதை வைத்துக்கொண்டு ‘ஜாஸும் தமிழன் கொடுத்ததுதான்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இங்கிருந்து போனது துணி. அது மனிதர்களை விலைபேச உதவியது. நெய்தவன் ஒருவன், முத்திரை குத்தி விற்றவன் வேறொருவன் என்கிற அந்த ஒழுங்கு இருக்கிறதே, இருபதாம் நூற்றாண்டில் கறுப்பு இசைஞர்கள் இசைத்தட்டுக் கம்பெனிகளின் வாசலில் சந்தித்ததும் அதே ஒழுங்கைத்தான்.

இசைத்தட்டு வியாபாரம் எப்படி நடக்கும்? கம்பெனி இசைஞனுக்கு ஒரு அட்வான்ஸ் தரும். ஸ்டுடியோ வாடகை, அட்டைப்படச் செலவு என்று பலதையும் அவன் கணக்கில் எழுதும். விற்பனையில் அவனுக்கு வரவேண்டிய சிறு பங்கிலிருந்து இதெல்லாம் கழியும்வரை கையில் காசு வராது. பெரும்பாலும் கழியவே கழியாது. மாஸ்டர் எனப்படும் மூலநாடா மட்டும் கம்பெனியின் அலமாரியில் நிரந்தரமாக இருக்கும். மறுபதிப்பு போடுவதா, அழியவிடுவதா என்பது கம்பெனியின் இஷ்டம். பழவேற்காட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இறால் வியாபாரியிடம் வலைக்கும் படகுக்கும் அட்வான்ஸ் வாங்கியவன் பிடிப்பை அவனுக்கே, அவன் சொல்லும் விலைக்கே போட வேண்டும். சொல்லும் அதேதான், அட்வான்ஸ்.

ஆனால் ஜாஸில், அதிலும் 1960களின் கட்டற்ற ஜாஸில், விஷயம் இன்னும் ஒரு படி கடுமையானது. ஆர்னெட் கோல்மன், செசில் டெய்லர், ஆல்பர்ட் ஐலர் போன்றவர்கள் முன்கூட்டியே முடிவான சுரக்கோவைகளையும் சீரான தாளத்தையும் உதறிவிட்டு வாசித்தார்கள். வாசிக்கும்போதே உருவாகி வாசித்து முடிந்ததும் மறைந்துவிடுகிற இசை அது. தாளில் எழுதினால் அதில் பாதிகூட நிற்காது. எனவே ஒலிப்பதிவு என்பது இங்கே ஒரு படைப்பின் நகல் அல்ல, ஒலிப்பதிவுதான் பிரதி. (தமிழில் பிரதி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் இருப்பது இந்த இடத்தில் வசதி.) அமெரிக்க மத்திய அரசின் பதிப்புரிமைச் சட்டமோ தாளில் எழுதிய மெட்டை மட்டுமே படைப்பாக ஏற்றது. ஒலிப்பதிவுக்கு அதில் தனியாக இடம் கிடைத்தது 1972ல்தான். ஆக, எழுத்தைச் சொத்தாக ஏற்கிற சட்டத்தின் முன்னால் வாய்மொழி மரபுக்காரன் வெறுங்கையோடு நின்றான். அவனுடைய பிரதியோ, அந்த நாடாப் பெட்டியை யார் வைத்திருக்கிறானோ அவனுடையது. நாட்டார் பாடல் சேகரிப்புகளை நம் பல்கலைக்கழகங்கள் எப்படி நடத்தின என்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அம்பாப் பாட்டைப் பாடிய வலைக்காரனின் பெயர் அடிக்குறிப்பில், சேகரித்தவரின் பெயர் முதுகட்டையில்.

இதிலிருந்து வெளியேறும் முயற்சிகள் ஜாஸில் முன்னரே உண்டு. 1952ல் சார்லஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் சேர்ந்து டெபுட் என்று சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கினார்கள். சில ஆண்டுகளே நடந்தது. 1950களின் நடுவில் சிகாகோவில் சன் ராவும் அவருடைய நண்பர் ஆல்டன் ஆப்ரகாமும் ஆரம்பித்த சேட்டர்ன் இன்னும் சுவாரசியமானது. ஒரு தட்டு சில நூறு பிரதிகள்தான் அச்சாகும். உறைகளைக் குழுவினரே கையால் வரைவார்கள், ஒட்டுவார்கள். கச்சேரி முடிந்ததும் மேடையோரத்தில் வைத்து விற்பார்கள். கடைக்கு அதிகம் போகாது, விளம்பரம் கிடையாது. ஐந்நூறு பிரதி அச்சடித்து முந்நூறைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்த மனிதர்களை உடனே அடையாளம் தெரியும். விற்பனைக்குக் கொடுத்த கடைக்காரர் போனை எடுக்காத கதையும் இரு தரப்புக்கும் பொதுவானது.

வெளியே இருந்து வந்த ஆதரவாளர் ஒருவர் லேபிள் நடத்தினால் போதாதா என்ற கேள்விக்கு இ.எஸ்.பி.-டிஸ்க் ஒரு பதில். பெர்னார்ட் ஸ்டோல்மன் என்ற நியூயார்க் வழக்கறிஞர் 1960களின் தொடக்கத்தில் இதை ஆரம்பித்தபோது முதலில் வெளியிட்டது எஸ்பெராண்டோ மொழிக்கான ஒரு தட்டு. லேபிளின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் ஐலரின் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ 1964ல் பதிவானதும் அது கட்டற்ற ஜாஸின் வீடாகிவிட்டது. இசையில் கம்பெனி தலையிடாது, இசைஞரே முடிவுசெய்வார் என்பது அதன் கொள்கை. அதைக் காப்பாற்றினார்கள் என்றே சொல்ல வேண்டும். பணம் மட்டும் வரவில்லை என்று வாசித்தவர்களில் பலர் பின்னாளில் குறைப்பட்டார்கள். கலைச் சுதந்திரம் வேறு, உடைமை வேறு. முன்னதைத் தருகிறவர்களிடம் பின்னதைக் கேட்கச் சங்கடப்படுவது நல்ல மனிதர்களின் பழக்கம். அந்தச் சங்கடத்தின் மேல்தான் பல முற்போக்கு நிறுவனங்களே நிற்கின்றன. 1971ல் சார்ல்ஸ் டோலிவரும் ஸ்டான்லி கவலும் தொடங்கிய ஸ்ட்ராடா-ஈஸ்ட் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. இசைஞரே தம் செலவில் பதிவுசெய்து கொண்டுவர வேண்டும், மூலநாடா அவருக்கே சொந்தம், வருமானத்தில் பெரும்பங்கும் அவருக்கே. கேட்க அழகாக இருக்கிறது. பதிவுசெய்யக் கையில் காசில்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது.

தனி லேபிளைவிட, முறை வைத்துக்கொள்கிற கூட்டமே நீடித்தது என்று நினைக்கிறேன். 1965ல் சிகாகோவில் முகால் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ் உள்ளிட்ட கறுப்பு இசைஞர்கள் உருவாக்கிய, ஏ.ஏ.சி.எம். என்று சுருக்கமாக அறியப்படும் சங்கம் ஒரு லேபிளே அல்ல. சொந்தப் படைப்புகளையே வாசிப்பது, ஒருவர் கச்சேரிக்கு மற்றவர் வாசிப்பது, நாற்காலி போடுவது, டிக்கெட் கிழிப்பது, பேட்டைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பது என்பவை அதன் நடைமுறை. இன்று உன் இசை, நாளை என் இசை. இதைப் பாடு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? சங்கத்தின் உறுப்பினரான வாடாடா லியோ ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் கபெல் என்று சொந்த லேபிள் வைத்துக்கொண்டார். டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் 2008ல் சங்கத்தின் வரலாற்றை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். வாசித்தவர்களே தம் வரலாற்றையும் எழுதிக்கொண்டார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை.

இந்தச் சங்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களில் சான் பிரான்சிஸ்கோவின் சீன-அமெரிக்க இசைஞர்கள் இருவர் இருந்தார்கள்: பியானோ வாசிக்கும் ஜான் ஜாங், சாக்சஃபோன் வாசிக்கும் பிரான்சிஸ் வாங். 1987ல் இருவரும் ஏஷியன் இம்ப்ரூவ் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளைத் தொடங்கினார்கள். காலத்தைக் கவனியுங்கள். 1982ல் டெட்ராய்ட்டில் வின்சென்ட் சின் என்ற சீன-அமெரிக்க இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டு, கொலையாளிகள் ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாமல் தப்பியது ஆசிய-அமெரிக்கர்களை ஓர் அரசியல் திரளாக்கியிருந்தது. 1942 முதல் முகாம்களில் அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினருக்கு நீதி கேட்கும் இயக்கமும் உச்சத்தில் இருந்தது. 1988ல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் தரச் சட்டம் போட்டது. கிளென் ஹொரியுச்சி இந்த லேபிளில் வெளியிட்ட ‘போஸ்டன் சொனாட்டா’ அப்படியான ஒரு முகாமின் பெயரைத் தாங்கியது. (அரிசோனா பாலைவனத்துப் போஸ்டன் இது, நகரம் அல்ல.) பெரிய கம்பெனி எதற்கும் இந்த இசை தேவைப்படவில்லை. ‘கீழைத்தேய மணம்’ வேண்டும் என்பார்கள், முகாமின் பெயர் வேண்டாம் என்பார்கள்.

நமக்கு இங்கே ஒரு காரியம் இருக்கிறது. 1995ல் இந்த லேபிள் 24 வயதான ஒரு பியானோ கலைஞரின் முதல் தட்டை வெளியிட்டது. தட்டின் பெயர் ‘மெமரோஃபிலியா’. அவர் விஜய் ஐயர். 1965ன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா போன படித்த தமிழர் குடும்பத்தின் பிள்ளை. யேலில் இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு பெர்க்கலிக்கு ஆய்வு மாணவராக வந்தவர், இயற்பியலை விட்டுவிட்டு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசையில் உடலும் அறிவும் இணையும் விதம் பற்றி 1998ல் முனைவர் பட்டம் வாங்கினார். முதல் தட்டில் அவரோடு வாசித்தவர்களில் ஸ்டீவ் கோல்மன், ஜார்ஜ் லூயிஸ், பிரான்சிஸ் வாங் உண்டு. அதாவது லேபிள் நடத்துகிறவரே பக்கவாத்தியத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். 1998ல் இரண்டாவது தட்டும் இங்கேதான். அந்தக் காலத்தில் தெற்காசியர் ஒருவர் ஜாஸ் பியானோ வாசிக்கிறார் என்பதைச் சந்தையால் எந்த அலமாரியிலும் வைக்க முடியவில்லை. கறுப்பர்களின் சங்கத்திடமிருந்து முறையைக் கற்றுக்கொண்ட சீன-அமெரிக்கர்கள் தங்கள் பாட்டை ஒரு தமிழனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வரலாறு இவ்வளவுதான், ஆனால் இது பெரிய விஷயம்.

நம்மாட்கள் விஜய் ஐயரைக் கண்டுபிடித்தது எப்போது? 2013ல் மெக்ஆர்தர் நிதிநல்கை கிடைத்து, 2014ல் ஹார்வர்டில் பேராசிரியராகச் சேர்ந்த பிறகு. ‘ஹார்வர்டில் ஒரு தமிழர்’ என்ற தலைப்பின் கீழ் ஏஷியன் இம்ப்ரூவ் என்ற பெயர் வருவதில்லை. வெற்றி பெற்றவனை மட்டும் சொந்தங்கொண்டாடுகிற பெருமிதம் அவனை வளர்த்த கைகளை அழித்துவிடுகிறது, அந்தக் கைகள் தமிழ்க் கைகள் இல்லை என்பதால். இன்னொன்றும் உண்டு. பெயரிலுள்ள ‘ஐயர்’ அங்கே வெறும் அந்நியப் பெயர், விமான நிலையத்தில் தனியே நிறுத்திவைக்கப் போதுமான பெயர். மைக் லேடுடன் சேர்ந்து 2003ல் பை ரெக்கார்டிங்ஸ் என்ற சிறு லேபிளில் அவர் கொண்டுவந்த ‘இன் வாட் லாங்குவேஜ்?’ விமான நிலையங்களில் சந்தேகத்துக்குள்ளாகும் நிறமுள்ள பயணிகளையும் தொழிலாளர்களையும் பற்றியது. இங்கே அதே பெயர் வேறு கதை சொல்லும். ஒரு கடலைத் தாண்டினால் ஒடுக்கும் அடையாளம் ஒடுக்கப்படும் அடையாளமாகிறது. இதை அவரும் அறியாதவரல்ல. 2014ல் யேலில் ஆசிய-அமெரிக்கப் பழைய மாணவர்களிடையே பேசுகையில், வெற்றிபெற்ற ஆசியர்கள் அதிகாரத்துக்கு உடந்தையாக இருப்பதைத்தான் பேசுபொருளாக எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு வெளியேறிய வயலின் கலைஞர் எல். சங்கரின் தட்டுகள் 1980களில் மியூனிக்கின் ஈ.சி.எம். லேபிளில் வந்தன. 1969ல் மன்ஃப்ரெட் ஐஷர் தொடங்கிய இந்த லேபிளின் ஒலித்துல்லியத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அது முதன்மையாக ஒரு தயாரிப்பாளரின் ரசனையால் ஆளப்படும் வீடு. அழைக்கப்பட்டவர்கள் விருந்தினர்கள். 2014ல் விஜய் ஐயரும் அதே வீட்டுக்குப் போனார், 2016ல் வாடாடா லியோ ஸ்மித்தோடு சேர்ந்தே. கபெல் நடத்தியவர் ஈ.சி.எம்.மில் வாசிக்கிறார் என்பதைக் கொள்கை வழுவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர் இன்னும் எத்தனை காலத்துக்குத் தானே உறை ஒட்டுவது?

சரி, இங்கே என்ன நடந்தது? தமிழ்நாட்டில் அவான்கார்ட் ஜாஸுக்கென்று நாம் எதையும் நடத்தவில்லை. ஆனால் சொந்தமாக ஒலிப்பதிந்து சொந்தமாக விற்கிற ஒரு மரபு இருந்தது. கேசட் வந்ததும் 1980களில் கிராமபோன் கம்பெனியின் பிடி தளர்ந்தது. இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ கே.ஏ. குணசேகரனின் குரலில் சேரிக்குச் சேரி போனது எந்தப் பெரிய கம்பெனியின் தயவாலும் அல்ல. மக்கள் கலை இலக்கியக் கழகத் தோழர்கள் பேருந்திலும் ரயிலிலும் கேசட் விற்றார்கள். 2015ல் மதுக்கடைக்கு எதிரான பாட்டுக்காகக் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானபோது, பாட்டு இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2017ல் எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் நடுவே நின்று டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’, கபேர் வாசுகி எழுதியது, யூடியூபில் இலவசமாக வந்தது. எண்ணூர் என்றால் பழவேற்காட்டுக்குப் பக்கத்துத் தண்ணீர். அங்கே கொட்டுவது இங்கே வந்து சேரும். ஆனால் இணையத்தில் ஏற்றிவிட்டால் விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைப்பது பழைய ஏமாற்றத்தின் புதிய வடிவம். சிறு லேபிள்களின் புகலிடமான பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடை 2008ல் தொடங்கியது, 2022ல் ஒரு விளையாட்டுக் கம்பெனிக்கும் 2023ல் இன்னொரு கம்பெனிக்கும் கைமாறியது. அதில் கடை விரித்திருந்த இசைஞர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாடு முறையைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பாடு, பட்டினவர் சாதியின் சில குப்பங்களுக்கு மட்டுமே உரியது. தலைக்கட்டு என்பது ஆண் தலை. அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அதில் முறை இல்லை. பின்னால் வலை வீச வந்த பிற சாதியாருக்கும் இல்லை. இதனால் அடிதடிகள் நடந்திருக்கின்றன. ஏ.ஏ.சி.எம்.மிலும் தொடக்க ஆண்டுகளில் அமினா க்ளாடின் மையர்ஸ் போன்ற மிகச் சில பெண்களே இருந்தார்கள். முறைவைப்பது நியாயமா என்பதோடு, முறைப்பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அவர் ஓர் அமைப்பில் வேலை செய்த காலத்துக் கேசட்டுகள், முப்பத்தொன்று. ஏரிக்கரை உப்புக்காற்றில் வெள்ளைப் பூஞ்சை படிந்து, ஏழுதான் ஓடின. மூலநாடா எங்கே என்று கேட்டதற்கு, பதிந்த ஸ்டுடியோவிலேயே இருக்கும் என்றார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. உறைகளில் அமைப்பின் பெயர், விலை, தொடர்பு முகவரி எல்லாம் இருக்கின்றன. பாடியவர்களின் பெயர் ஒன்றில்கூட இல்லை. கூட்டுக்குரல் என்பதால் தனிப்பெயர் வேண்டாமென்று அப்போது கூடிப் பேசி எடுத்த முடிவாம். அதில் இரண்டு பாட்டுக்குக் குரல் கொடுத்த அம்மாவை அதே ஊரில் கண்டுபிடித்தேன். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, என் செல்போனில் தன் குரலை முழுதாகக் கேட்டார். “நல்லாத்தான் பாடிக்கிறேன்” என்றார். பிறகு, “அப்பவே ஒரு கேசட்டு கேட்டேன் தம்பி. வித்து முடியட்டும், தர்றோம்னாங்க” என்றார்.